மே மாதத்திலும் கதவு திறந்திருக்குமா?

ஒரு டீயோடு முடிகிற பேச்சில்லை தம்பி இது. ஆறினால் இன்னொன்று சொல்லிக்கொள்வோம். நம் திருவண்ணாமலை ரமண நகரில் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, இந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு ஒரு கலை மையம் தொடங்கப் போவதாகச் சொன்னீர்கள். பாட்டு, ஓவியம், நாடகம் என்று வகுப்புகளின் பட்டியலும் காட்டினீர்கள். பட்டியலில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நாலைந்து வகுப்புகளை ஒரே வீட்டில் நடத்திவிட்டால் அது மையம் ஆகிவிடாது. வகுப்புக்குப் பணம் கட்டியவர்கள் வருவார்கள், நேரம் முடிந்ததும் போய்விடுவார்கள். மையம் என்பது தெருவுக்குச் சொந்தமான இடம். எந்த வகுப்பிலும் பெயர் கொடுக்காத பிள்ளையும் பள்ளிப் பையோடு வந்து திண்ணையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம். நாலு நாள் பார்த்தபின் அதுவாகவே உள்ளே வரும்.

இந்த வேறுபாடு இங்கே ரொம்ப முக்கியம். காரணம் செங்கம் சாலையிலேயே கிடைக்கும். கார்த்திகை தீபம் நெருங்கும்போது வெளிநாட்டிலிருந்தும் வடக்கிலிருந்தும் ஆட்கள் வந்து தங்குவார்கள். மாசி வரைக்கும் சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியிருக்கும்: புல்லாங்குழல் பயிற்சி, களிமண் சிற்பம், யோகா, நடனம். நல்ல கலைஞர்கள், நல்ல மனசுக்காரர்கள்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பங்குனி வெயில் ஏறியதும் ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுவார்கள். ஆட்டோ ஓட்டுகிறவரின் மகளும், விடுதிச் சமையற்கட்டில் வேலை பார்க்கும் அம்மாவின் மகனும் இங்கேயேதான் இருப்பார்கள். சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூடமும் லீவு. பிள்ளைகளுக்கு நேரம் கொட்டிக் கிடப்பது அப்போதுதான்; சொல்லிக் கொடுக்க ஆள் இல்லாமல் போவதும் அப்போதுதான். அதனால் நான் முதலில் கேட்பது, உங்கள் மையம் மே மாதத்தில் திறந்திருக்குமா என்பதைத்தான்.

இந்த இடத்துக்கென்று ஒரு கலை வழக்கம் ஏற்கெனவே உண்டு. ரமணர் 1896இல் இங்கே வந்தவர். விரூபாக்ஷ குகையில் இருந்த காலத்தில் அவரோடு இருந்த அடியார்கள் ஊருக்குள் பிச்சைக்குப் போவார்கள். போகும்போது பாட நமக்கென்று ஒரு பாட்டு வேண்டும் என்று அவர்கள் கேட்க, அதற்காகப் பிறந்ததுதான் அருணாசல அக்ஷரமணமாலை, 108 கண்ணிகள். இன்றைக்கு உலகம் முழுக்க அதை ஞான நூலாக வைத்துப் படிக்கிறார்கள். எனக்கு அது பிறந்த விதம்தான் பெரிதாகத் தெரிகிறது. தெருவில் நடந்துகொண்டே நாலு பேர் சேர்ந்து பாட வேண்டும், வாசலில் நிற்கும் பெண்ணுக்குக் கேட்க வேண்டும் என்ற தேவைக்கு எழுதிக் கொடுத்த பாட்டு அது. யார் பாடுவார்கள், எங்கே, எதற்காக என்பதெல்லாம் முதலில் தெரிந்திருந்தது. நீங்களும் பட்டியலை எழுதும் முன் அந்த மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். கலை பண்பாட்டுத் துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளி திருவண்ணாமலையிலும் இருக்கிறது. குரலிசை, தேவாரம், நாதசுரம், தவில், மிருதங்கம், வயலின், பரதநாட்டியம் என்று மூன்று ஆண்டுப் படிப்பு. அதே துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களும் மாவட்டம்தோறும் 5 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக இயங்குகின்றன. அரசுப் பள்ளிகளில் 2022இலிருந்து கலைத் திருவிழாவும் நடக்கிறது. இவற்றின் ஆசிரியர்களைத் தேடிப்போய்ப் பேசுங்கள், உங்களுக்கு முதல் துணை அவர்கள்தான். ஆனால் மாவட்டத்துக்கு ஒன்று என்பது வேறு, தெருவுக்கு ஒன்று என்பது வேறு. ஒன்பது வயதுப் பெண்பிள்ளை மாலையில் தனியாகச் செங்கம் சாலையைக் கடந்து பஸ் ஏறிப் போய்த் திரும்ப முடியாது. அவளுக்கு நடந்து போகிற தூரத்தில் ஒன்று வேண்டும். உங்கள் மையம் நிரப்ப வேண்டிய இடம் அதுதான்.

யார் சொல்லிக் கொடுப்பது என்று யோசிக்கும்போது வெளியிலிருந்து வருகிறவர்களை மட்டும் நினைக்காதீர்கள். இது கூத்து விளைந்த மண். கூத்துக்குப் பெயர்பெற்ற புரிசை நம் மாவட்டம்தான். அந்த ஊர்க் கூத்து ஆசான் கண்ணப்பத் தம்பிரான் 2003இல் மறைந்த பிறகும் அங்கே ஆண்டுதோறும் அவர் நினைவாக விழா எடுக்கிறார்கள். கோடையில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும்: பகலில் பிரசங்கம், இரவில் விடியவிடியக் கூத்து, கடைசியில் படுகளமும் தீமிதியும். ஊரே சேர்ந்து நடத்தும் நாடகப் பள்ளி என்று அதைச் சொல்லலாம்.

அந்தக் கூத்தையும் பள்ளிப் படிப்பையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்த முயற்சி ஒன்று காஞ்சிபுரம் பக்கம் நடந்தது. பெ. ராஜகோபால் சிறு வயதிலேயே பள்ளியை விட்டுக் கூத்துக்குப் போனவர். அவரும் ஆய்வாளர் ஹன்னே டி ப்ருயினும் மற்றக் கலைஞர்களோடு 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தைத் தொடங்கினார்கள். 2002இல் புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் ஒரு குருகுலம் வந்தது. கூத்துக்கு வருகிற பையன் படிப்பை இழக்கிறான் என்பது அந்தத் தொழிலில் தலைமுறை தலைமுறையாக இருந்த கஷ்டம். ராத்திரி முழுக்க ஆடிவிட்டுக் காலையில் எங்கே பள்ளிக்குப் போவது? குருகுலத்தில் பாடமும் படித்தார்கள், அடவும் பாட்டும் கற்றார்கள். ஆண்களே ஆடிவந்த கூத்தில் பெண்பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். இதை நான் மிகப் பெரிய காரியமாக நினைக்கிறேன். ஒரு பெண் பீமனாகவோ துரியோதனனாகவோ மேடையில் திரும்பி நிற்கும்போது, அவளைப் பார்க்கிற தங்கைக்கு என்னவெல்லாம் தோன்றும் என்று எண்ணிப் பாருங்கள். அந்தக் குருகுலம் 2020இல் மூடப்பட்டது. பதினெட்டு ஆண்டுகள் நடந்ததே பெரிது என்று சொல்லி நகர எனக்கு மனம் வரவில்லை. நல்ல ஆசானும் நல்ல பாடமும் இருந்தாலும் இப்படி ஓர் இடம் நிற்காமல் போகலாம் என்பதை நீங்கள் தொடக்கத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

நகரத்துக்குள் நின்று நிலைத்த ஒன்றையும் சொல்கிறேன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் என்றால் அங்கே இருக்கும் வெங்கடேஸ்வரர் கோயில் நம்மவர்களுக்கு நினைவு வரும். அந்த நகரில் மான்செஸ்டர் என்று கறுப்பின மக்கள் வாழும் ஒரு பகுதி. அங்கே வளர்ந்த பில் ஸ்ட்ரிக்லேண்ட், பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் திறந்த கதவு வழியே ஓவிய ஆசிரியர் ஃபிராங்க் ராஸ் சக்கரத்தில் மண்பாண்டம் வனைவதைப் பார்த்தான். அது அவன் வாழ்க்கையையே திருப்பிவிட்டது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டதும் அந்த ஊரிலும் கலவரம். கல்லூரி மாணவனாக இருந்த ஸ்ட்ரிக்லேண்ட், அதே ஆண்டு அதே தெருக்களில் ஒரு சாதாரண வீட்டில் சக்கரமும் சூளையும் வைத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டான். அப்படித் தொடங்கியதுதான் மான்செஸ்டர் கிராஃப்ட்ஸ்மென்ஸ் கில்ட். சில ஆண்டுகளில் பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சி நிலையம் ஒன்றும் அவர் பொறுப்புக்கு வந்தது. 1980களில் புதுக் கட்டடம் கட்டியபோது ஏழைப் பிள்ளைகளுக்கு இது போதும் என்று எதையும் குறைக்கவில்லை. நல்ல வெளிச்சம், பூக்கள், நல்ல சாப்பாடு, பெரிய ஜாஸ் கலைஞர்கள் வந்து வாசிக்கும் அரங்கம் எல்லாம் வைத்தார்.

இதில் இரண்டு விஷயம் எனக்குப் பிடிக்கும். ஒன்று, பிள்ளை படிக்கும் இடத்திலேயே அதன் அம்மாவும் அப்பாவும் ஒரு தொழில் கற்றார்கள், குடும்பமே உள்ளே வந்தது. இன்னொன்று, அழகு. நாம் ஏழைப் பிள்ளைகளுக்கு என்றாலே பழைய நாற்காலி, யாரோ கழித்த வர்ணப்பெட்டி என்று போய்விடுகிறோம். அந்தப் பழக்கம் எனக்கு வேதனை தருகிறது. நாலு தூரிகைதான் வாங்க முடியும் என்றால் நாலும் நல்ல தூரிகையாக இருக்கட்டும்.

சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய ஊரூர் ஆல்காட் குப்பத்தில் 2015இல் தொடங்கிய விழாவையும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பாடகர் டி.எம். கிருஷ்ணாவும் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் குப்பத்து மக்களோடு சேர்ந்து நடத்தியது. கர்நாடக சங்கீதமும் பறையும் ஒரே மேடையில். சபாவில் டிக்கெட் வாங்கிக் கேட்கிற கச்சேரியை மீனவக் குடும்பங்கள் தங்கள் கோயில் வாசலில் உட்கார்ந்து கேட்டார்கள். அதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது எதிர்த்திசைப் போக்குவரத்து. பக்கத்திலேயே வாழ்ந்தும் குப்பத்துக்குள் கால் வைக்காதவர்கள் அன்று உள்ளே வந்தார்கள். ரமண நகரிலும் அப்படி இரண்டு உலகம் இருக்கிறது. தியானத்துக்கு வந்து வருஷக்கணக்கில் தங்கியவருக்கும், அவர் வீட்டுக்குப் பால் போடும் பையனுக்கும் நடுவே காசு கொடுக்கல் வாங்கலைத் தவிர வேறு பேச்சு கிடையாது. உங்கள் மையத்தில் வயலின் தெரிந்த வெளிநாட்டுக்காரர் சொல்லிக் கொடுக்கட்டும், சந்தோஷம். அதே கூடத்தில் அவர் ஒரு தவில்காரர் முன்னால் தரையில் உட்கார்ந்து தாளம் கற்கவும் வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

பறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சாவு மேளம் என்று சொல்லி அதை அடிக்கிறவர்களை ஒதுக்கிவைத்த ஊர்கள் நம் ஊர்கள். திண்டுக்கல் பக்கம் சகோதரி சந்திரா 1990இல் சக்தி நாட்டுப்புறக் கலை மையத்தைத் தொடங்கி, தலித் பெண்பிள்ளைகளின் கையில் பறையைக் கொடுத்தார். அந்தப் பெண்கள் மேடையில் நிமிர்ந்து நின்று அடித்தபோது, அவமானச் சின்னமாக இருந்தது பெருமையாக மாறியது. உங்கள் பட்டியலில் கீபோர்டு இருக்கிறது, கிடார் இருக்கிறது, பறை இல்லை. தயவுசெய்து சேருங்கள். சேர்த்தால் இடமும் அதற்கேற்ப வேண்டும். அடிக்கும் முன் தோலைத் தீயில் காய்ச்சினால்தான் நாதம் எழும். வைக்கோல் கொளுத்த முற்றம் வேண்டும். இரண்டாம் மாடியில் கண்ணாடி ஜன்னல் போட்ட அறை ஆகாது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் வீட்டில் பின்பக்கம் காலியிடம் இருக்கிறதா?

சத்தம் பிரச்சினை ஆகும் என்பீர்கள். ஆகும். மௌனத்தைத் தேடி வருகிறவர்கள் நிறைந்த பகுதி இது. ரமணாசிரமத்தில் சாயங்காலம் வேத பாராயணமும் அதைத் தொடர்ந்து தமிழ்ப் பாராயணமும் நடக்கும். அதை மதியுங்கள், சத்தமான பயிற்சியைப் பள்ளி விட்ட உடனே வைத்துக்கொண்டு சீக்கிரம் முடியுங்கள். அதோடு பக்கத்து வீட்டுக்காரரிடமும் பொறுமையாகச் சொல்லுங்கள்: தீபத்தன்று ஊரே அதிர்கிற மேளத்தைக் கேட்டு நெகிழ்கிறவர், அந்த மேளத்தை ஒரு பிள்ளை கற்றுக்கொள்ளும் சத்தத்தையும் ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்ளலாம்.

காசு விஷயம் சுருக்கமாக. ஒரே பெரிய நன்கொடையாளரை நம்பாதீர்கள். அவர் ஊருக்குப் போய்விட்டால் மையமும் போய்விடும். தங்கும் விடுதிகளால் இந்தப் பக்கம் வாடகை ஏறிக்கொண்டேதான் இருக்கிறது, அதனால் பள்ளிக்கூட வகுப்பறையோ சமுதாயக் கூடமோ மாலை நேரத்துக்குக் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். பெற்றோரிடம் சிறு தொகையாவது வாங்குங்கள், முடியாதவரிடம் வேண்டாம். தெருவின் மகளிர் குழுவில் இரண்டு அம்மாக்களிடம் சாவியைக் கொடுத்து வையுங்கள். நீங்கள் இல்லாத நாளிலும் கதவைத் திறக்க ஆள் வேண்டும்.

அப்புறம் அட்டவணை. பஞ்சாங்கத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போடுங்கள். பௌர்ணமி அன்று பதினாலு கிலோமீட்டர் கிரிவலப் பாதை முழுக்க ஜனம். இந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் அன்று அம்மாவோடு தண்ணீர் பாட்டிலோ பூவோ விற்கப் போவார்கள், அந்த ஒரு ராத்திரி வருமானம் வீட்டுக்கு வேண்டியிருக்கும். அன்றைக்கும் மறுநாளைக்கும் வகுப்பு வைக்காதீர்கள். வராத பிள்ளையை ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். மூன்றாம் நாள் ஒத்திகையை வையுங்கள், வந்துவிடுவார்கள்.