மறந்த விளக்கும் ஒலிக்கும் மணியும்

தில்லியில் மார்கழி, தை மாதங்களில் காலைப் பனிமூட்டம் அடர்ந்திருக்கும். மகிழுந்து ஓட்டுவோர் முகப்பு விளக்கை எரியவிட்டே செல்வர். அலுவலகம் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரியாது. எதிரே வருவோர் விரல்களைக் குவித்து விரித்துச் சைகை காட்டினால் உண்டு, இல்லையேல் மறதிதான். மாலையில் சாவியைத் திருப்பினால் வண்டி கிளம்பாது.

முகப்பு விளக்கு ஒன்று 55 வாட் எனில் இரண்டும் 110 வாட். 12 வோல்ட் மின்கலத்திலிருந்து ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும். சிறிய மகிழுந்தின் 35 ஆம்பியர்-மணி மின்கலம் நான்கு மணி நேரம்கூடத் தாங்காது.

இம்மறதிக்கு எளிய மின்சுற்று ஒன்று உண்டு. தேவையானவை, 12 வோல்ட் பஸர் ஒன்று; 1என்4007 என்னும் டையோடு ஒன்று. செங்கோட்டைக்கு எதிரேயுள்ள லஜ்பத் ராய் சந்தையில் இத்தகைய மின்னணு உறுப்புகள் கிடைக்கும்.

பஸரின் நேர்முனையை விளக்குக்குச் செல்லும் கம்பியில் இணைக்க வேண்டும். எதிர்முனையை டையோடு வழியாக, சாவி திருப்பினால் மின்சாரம் பெறும் கம்பியில் இணைக்க வேண்டும். டையோடின் வெள்ளிக்கோடு சாவிக் கம்பியின் பக்கம் இருத்தல் வேண்டும்.

வண்டி ஓடும்போது விளக்கு எரிந்தால் இரு கம்பிகளிலும் 12 வோல்ட் இருக்கும். சம உயரத்தில் உள்ள இரு தொட்டிகளுக்கிடையே நீர் பாய்வதில்லை அல்லவா? அதுபோல் இங்கும் மின்னோட்டம் இல்லை, பஸர் ஒலிக்காது. சாவியை அணைத்தவுடன் சாவிக் கம்பியின் மின்னழுத்தம் இறங்கிவிடும். விளக்குக் கம்பியில் மட்டும் 12 வோல்ட் எஞ்சும். உடனே பஸர் ஒலிக்கும்.

அவ்வாறாயின் டையோடு எதற்கு? பகலில் விளக்கை அணைத்துவிட்டு வண்டி ஓட்டும்போது சாவிக் கம்பியில் மின்னழுத்தம் மிகுதி. மின்னோட்டம் பஸர் வழியே பின்னோக்கி விளக்கிற்குப் பாய முயலும். டையோடு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விடும். ஆதலால் அவ்வழி அடைபடும்.

இன்றைய வண்டிகள் பலவற்றில் இவ்வசதி முன்பே உள்ளது. அவற்றின் கம்பிகளைத் தொடுதல் கூடாது. பழைய வண்டியிலும் சிறிய உருகி ஒன்றைச் சேர்த்து, தொழில் அறிந்தவரைக் கொண்டே இணைக்க வேண்டும்.

நீங்கள் மேசைமீது 9 வோல்ட் மின்கலம் ஒன்றைக் கொண்டு சோதிக்கலாம். பஸரையும் டையோடையும் தொடராக இணையுங்கள், ஒலி கேட்கும். இனி டையோடை மட்டும் திருப்பி வையுங்கள்.