மோட்டார் வண்டியின் வார்ப்பட்டை



தாராவியின் தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து நம்மவர் பலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பம்பாய்க்கு வந்து சேர்ந்தனர். அக்காலத்து ஆலைகள் பலவற்றில், கூரையை ஒட்டிச் சுழன்ற நீண்ட தண்டிலிருந்து இயந்திரங்களுக்கு விசையைக் கொண்டு சென்றது தோல் வார். வார் அறுந்தால் அந்த இயந்திரம் நின்றது. மீண்டும் இணைத்துப் பூட்டினால் வேலை தொடர்ந்தது. இன்று தோல் போய் ரப்பர் வந்துவிட்டது. வாரும் பெல்ட் என்னும் பெயருடன் மோட்டார் எஞ்சினில் குடியேறிவிட்டது. ஆயினும், ‘அறுந்த பிறகு பார்த்துக்கொள்வோம்’ என்ற பழைய எண்ணம் மட்டும் நம்மைவிட்டு நீங்கவில்லை. அவ்வெண்ணம் எங்கே சிறு தொல்லையோடு முடியும், எங்கே எஞ்சினையே அழிக்கும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

எஞ்சினின் பெல்ட்டுகள் இருவகைப்படும். முதலாவது வெளியே தெரிவது. மும்பைவாசிகள் நன்கறிந்த பிரீமியர் பத்மினியையே எடுத்துக்கொள்வோம். குர்லா ஆலையில் உருவாகி, கறுப்பும் மஞ்சளுமாக நகரெங்கும் ஓடிய அவ்வண்டி, 2023 அக்டோபர் இறுதியில் டாக்ஸிப் பணியிலிருந்து விடைபெற்றது. அதன் எஞ்சின் முகப்பில் உள்ள ஃபேன் பெல்ட் விசிறியையும், தண்ணீர்ப் பம்பையும், மின்சாரம் தரும் டைனமோவையும் ஒருங்கே சுழற்றும். இத்தகைய பெல்ட்டுகள் மதுரையில் உள்ள ஃபென்னர் ஆலையிலும் உருவாகின்றன.

இவ்வெளிப் பெல்ட் நல்ல குணம் உடையது. பெரும்பாலும் சொல்லாமல் போகாது. தளர்ந்தால் கிறீச்சிடும். முதிர்ந்தால் அதன் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளக்கும். உட்புறத்தில் வெடிப்புகள் தோன்றும். ஓரத்தில் நூல் பிரியும். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் மாற்றிவிடுவதே முறை. அசட்டையாக இருந்து, குடும்பத்தோடு புணே செல்லும்போது கண்டாலா மலைப்பாதையில் அது அறுமாயின், சிவப்பு விளக்கு எரியும். வெப்பமானியின் முள் ஏறும். உடனே வண்டியை ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டால் பெருங்கேடு இல்லை. கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை மட்டும் அவசரப்பட்டுத் திறத்தல் கூடாது. மாற்றுப் பெல்ட் ஒன்று வண்டியில் இருந்தால் அரைமணி நேரத்தில் பயணம் தொடரும்.

இரண்டாவது வகையின் இயல்பு வேறு. எஞ்சினில் பிஸ்டன்கள் மேலும் கீழும் இயங்க, வால்வுகள் தத்தம் நேரத்தில் திறந்து மூட வேண்டும். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு இரண்டு சுற்றுச் சுற்றும்போது வால்வுகளை இயக்கும் தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். இவ்விரண்டையும் பிணைக்கப் பத்மினியில் இரும்புச் சங்கிலி இருந்தது. 1962இல் ஜெர்மனியின் கிளாஸ் 1004 என்னும் காரில் சங்கிலிக்குப் பதிலாகப் பற்கள் கொண்ட ரப்பர் பெல்ட் வந்தது. 1966இல் ஃபியட் 124 ஸ்போர்ட்டும், 1973இல் ஃபெராரியும் அவ்வழியைப் பின்பற்றின. நம் நாட்டில் மாருதி 800 அதை நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கே கொண்டுவந்தது. இதற்கு டைமிங் பெல்ட் என்று பெயர். ஓசை குறைவு, எண்ணெய் வேண்டியதில்லை, எடையும் குறைவு.

குறை யாதெனில், இது மூடிக்குள் மறைந்திருப்பது. முதுமையை அறிவிக்காமலே அறுந்துவிடக்கூடியது. அறுந்த கணத்தில் வால்வுகள் இருந்த நிலையிலேயே நின்றுவிடும். பிஸ்டன்களோ ஓடிய வேகத்தில் மேலேறி வரும். இரண்டுக்கும் இடைவெளி விட்டு அமைத்த எஞ்சின்களும் உண்டு, அவை தப்பும். இடைவெளி இல்லாதவற்றில் வால்வு வளையும், பிஸ்டன் உடையும்.

இங்கேதான் பழைய பந்தய வகைக் கார்களின் பாடம் நமக்கு உதவுகிறது. டெஸ்ட் பந்தயங்களில் பிராட்மனின் 29 சதங்களை எட்டியமைக்காகச் சச்சின் டெண்டுல்கர் 2002இல் பரிசாகப் பெற்ற ஃபெராரி 360 மொடேனாவை மும்பை மக்கள் மறந்திரார். அவ்வகைக் காரில் எட்டு சிலிண்டர்களின் நாற்பது வால்வுகளையும் இரண்டு பல் பெல்ட்டுகளே ஆள்கின்றன. இத்தகைய வண்டிகள் ஆண்டில் சில நாட்களே வெளியே வரும். ஆண்டுக்கு ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால், பத்தாண்டில் பத்தாயிரம்தான். கிலோமீட்டர்க் கணக்கில் பெல்ட் புதியது. வயதுக் கணக்கிலோ கிழம். ரப்பர் ஓடினாலும் முதிரும், நின்றாலும் முதிரும். ஆகவேதான் அத்தகைய கார்களுக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஓட்டம் எவ்வளவாயினும், பெல்ட்டை மாற்றிவிடுவது வழக்கமாயிற்று. வண்டியோடு வரும் கைப்புத்தகத்தில் கிலோமீட்டர், ஆண்டு என இரண்டு வரம்பும் இருப்பின், எது முன்னே வருகிறதோ அதுவே கெடு.

மும்பையின் வெப்பமும் புழுதியும் அக்கெடுவை நீட்ட இடம் தருவனவல்ல. எண்ணெய்க் கசிவு பட்டால் ரப்பர் கெடும். அப்போது கெடுவரை காத்திருத்தல் கூடாது. வெள்ளமும் ஒரு பகைவன். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததே. அத்தகைய வெள்ளத்தில் மூழ்கி எழுந்த வண்டியில், சேறு பெல்ட்டின் பற்களை அரிக்கும். பேரிங்கின் கிரீஸும் கெடும். மூடியைத் திறந்து பார்த்த பின்னரே அவ்வண்டியை ஓட்ட வேண்டும்.

இனி, செம்பூரில் ஒருவர் பழைய கார் ஒன்றை வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். “பெல்ட் மாற்றியாயிற்று” என்கிறார் விற்பவர். தேதியும் கிலோமீட்டரும் குறித்த ரசீது உண்டா? இல்லையேல், மாற்றவில்லை என்றே கொள்க. மாற்றும்போது இறுக்கும் உருளையையும், அதே பெல்ட்டால் இயங்குமாயின் தண்ணீர்ப் பம்பையும் சேர்த்து மாற்றுவது சிக்கனம். ஏனெனில், செலவில் பெரும்பகுதி பிரித்துப் பூட்டும் கூலியே. பூட்டியபின் எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுழற்றி, குறிகள் நேர்படுகின்றனவா என்று பார்த்த பிறகே சாவியைத் திருப்ப வேண்டும். மாற்றிய நாளை ஒரு சீட்டில் எழுதி எஞ்சின் மூடியின் உட்புறம் ஒட்டிவைப்பது நன்று.

சுருங்கக் கூறின், வெளிப் பெல்ட்டைக் கண்ணால் பார்த்தும் காதால் கேட்டும் மாற்றுக. உட்பெல்ட்டை நாட்காட்டியைப் பார்த்து மாற்றுக. முன்னது சொல்லிவிட்டுப் போகும். பின்னது சொல்லாமல் போகும்.