பழைய கண்ணாடிக்குப் புதிய சட்டம்

பழைய வீடுகளை இடிக்கும் இடங்களில் தேக்கு நிலைகளும் கதவுகளும் உடனே விலைபோய்விடுகின்றன. இரும்பை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். சன்னல் கண்ணாடிகளைத்தான் கேட்பார் இல்லை. 'அளவு ஒத்துவராது' என்று ஒதுக்கிவிடுவார்கள். உண்மைதான், நம் சன்னலின் அளவுக்கு அக்கண்ணாடி ஒத்துவராது. ஆனால் கண்ணாடியின் அளவுக்குச் சன்னலைச் செய்துகொள்ளலாம் அன்றோ?

இது புதிய யோசனையும் அன்று. 1851ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சிக்காக ஜோசப் பாக்ஸ்டன் அமைத்த பளிங்கு அரண்மனையில் 49 அங்குல நீளமும் 10 அங்குல அகலமும் கொண்ட கண்ணாடியே அளவுகோலாக இருந்தது. அதற்கு ஏற்பவே கட்டடத்தின் அளவுகள் வகுக்கப்பட்டன. நமக்கு அருகில் கேரளத்தில் லாரி பேக்கர், இடித்த வீடுகளின் கதவு சன்னல்களைத் தம் கட்டடங்களில் விரும்பிப் பயன்படுத்தினார்.

எங்கள் பள்ளியின் பழைய சன்னல்களை மாற்றியபோது நான்கு கண்ணாடிகள் கீறல் விழாமல் கிடைத்தன. பள்ளி ஆயாம்மாவின் வீட்டு அடுப்படியில் சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகரம்தான் இருந்தது. மழை வந்தால் தகரத்தைச் சாத்த வேண்டும். சாத்தினால் பட்டப்பகலிலும் விளக்கு எரிய வேண்டும், புகையும் வெளியேறாது. கண் மங்கிய அவர் தாயார் அந்த இருட்டில்தான் அரிசி களைவார். இந்த நான்கு கண்ணாடிகளும் அங்கே போகட்டும் என்று முடிவு செய்தோம். தச்சர் ஒருவர் முறையைக் கற்பித்தார். அதையே இங்கு விளக்குகிறோம்.

பழைய கண்ணாடியை வெட்ட முயல வேண்டாம் என்பது அவர் சொன்ன முதல் பாடம். பல ஆண்டுகள் துடைத்துத் துடைத்து அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்கீறல்கள் விழுந்திருக்கும். வெட்டும்போது பிளவு நாம் போட்ட கோட்டில் செல்லாமல் அந்தக் கீறல்களின் வழியே ஓடிவிடும். சில பழைய கண்ணாடிகளில் அலை போன்ற நெளிவு தெரியும். கண்ணாடி மெல்ல வழிந்து அப்படி ஆகிறது என்று பலர் சொல்கிறார்கள். அது சரியன்று. அக்காலச் செய்முறையால் வந்த நெளிவு அது. உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடிக் குழம்பை மிதக்கவிட்டுச் சமதளமாக்கும் முறையை இங்கிலாந்தின் பில்கிங்டன் நிறுவனம் 1959இல்தான் அறிவித்தது.

கண்ணாடியைப் பழைய சட்டத்திலிருந்து எடுக்கும்போது மிகுந்த கவனம் வேண்டும். பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வர்ணங்களில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதிகள் நம் நாட்டில் 2016இல்தான் வந்தன. ஆகையால் உலர்ந்த வர்ணத்தை உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது. நீர் தெளித்து நனைத்தே சுரண்ட வேண்டும். சிறு பிள்ளைகளை அருகில் விடலாகாது. கையுறையும் கண்ணுக்குக் காப்பும் அணிய வேண்டும். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் எதையும் உண்ணக் கூடாது.

அடுத்தது அளவு. ஒரு கண்ணாடியை மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து பெரிய அளவையே கொள்ள வேண்டும். இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக இருந்தால்தான் அது சரியான செவ்வகம் (கணித வகுப்பில் படித்தது இங்கே கைகொடுத்தது!). எங்கள் கண்ணாடிகள் 300 மில்லிமீட்டர் அகலம், 450 உயரம், 3 தடிப்பு. ஒரு சதுர மீட்டர் கண்ணாடி, ஒவ்வொரு மில்லிமீட்டர் தடிப்புக்கும் இரண்டரைக் கிலோ எடை இருக்கும். அக்கணக்கில் ஒன்று சுமார் ஒரு கிலோ. நான்கும் நான்கு கிலோ.

கண்ணாடி உட்காரச் சட்டத்தில் வெட்டும் படிக்குக் காடி என்று பெயர். காடியைக் கண்ணாடியின் அளவுக்கே வெட்டிவிட்டால் மழைக்காலத்தில் ஆபத்து. மரம் ஈரம் குடித்து அகலவாக்கில் பருக்கும், கண்ணாடியோ விட்டுக்கொடுக்காது. ஆகவே ஒவ்வொரு பக்கமும் 2 மில்லிமீட்டர் இடைவெளி விட்டோம். காடியின் அளவு 304க்கு 454 ஆயிற்று. காடியின் படி 10 மில்லிமீட்டர் அகலம், ஆழம் 15. சுற்றுச் சட்டங்களின் அகலம் 60. அதில் காடிக்குப் போக மீதி 50. நடுச் சட்டத்தில் இருபுறமும் காடி போக மீதி 10. இனிக் கூட்டிப் பாருங்கள்: 50, 304, 10, 304, 50. மொத்த அகலம் 718. உயரமும் இவ்வாறே 1018 வரும்.

மரத்துக்கு உடைந்த தேக்கு பெஞ்சு ஒன்று உதவிற்று. பழைய மரத்தில் ஒளிந்திருக்கும் ஆணிகளைக் காந்தம் கொண்டு தேடி எடுத்த பிறகே இழைப்புளியைத் தொட வேண்டும். இல்லையேல் அதன் அலகு போய்விடும். மூலைகளில் துளையும் கழுந்தும் வெட்டிச் சேர்த்து மரஆணி அடித்தோம். நடுவில் குறுக்கும் நெடுக்குமாக வரும் சட்டங்களைப் பாதி பாதி வெட்டி ஒன்றனுள் ஒன்றாகப் பொருத்தினோம். மூலைமட்டம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சட்டம் சற்றே கோணினாலும் கண்ணாடி உட்காராது.

காடியில் மக்கு வைக்குமுன் ஆளிவிதை எண்ணெய் பூசுவது அவசியம். உலர்ந்த மரம் மக்கிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிட்டால் மக்கு உதிரும். மக்கு செய்வது எளிது. சாக்குப்பொடியில் அதே எண்ணெயைச் சிறிது சிறிதாக விட்டுச் சப்பாத்தி மாவுப் பதத்தில் பிசைய வேண்டும். எங்களில் சமையல் தெரிந்தவர்களே இதில் கெட்டிக்காரிகளாக விளங்கினர்! எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானே சூடேறித் தீப்பற்றலாம். வெளியில் விரித்துக் காயவைக்க வேண்டும்.

முதலில் காடியின் மேல் மெல்லிய மக்குப் படுகை. கீழ்ப்பக்கம் இரண்டு சிறு மரத்துண்டுகளை வைத்து, அவற்றின் மேல் கண்ணாடியை நிறுத்தி, ஓரங்களில் மட்டும் அழுத்த வேண்டும். நடுவில் அழுத்தினால் உடையும். பிறகு தலையில்லாச் சிற்றாணிகளைச் சுமார் ஒரு சாணுக்கு ஒன்றாக அடித்து, அதன் மேல் மழைநீர் வழியும்படி சரிவாக மக்கு இட வேண்டும். மக்கின் பக்கம் எப்போதும் வெளியேதான் இருக்க வேண்டும். இரண்டு வாரம் காயவிட்டு, கண்ணாடியின் மேலும் 2 மில்லிமீட்டர் ஏறும்படி வர்ணம் பூசினால் நீர் புகாது.

கீலை மேற்சட்டத்தில் வைத்தோம். அதனால் சன்னல் அடிப்பக்கம் வெளியே தள்ளித் திறக்கும். மழையிலும் திறந்து வைக்கலாம், புகையும் போகும். நிலையின் கீழ்க்கட்டை வெளிப்புறம் சரிவாக இருக்க வேண்டும். அதன் அடியில் ஒரு சிறு பள்ளம் ஓட வேண்டும். இல்லையேல் நீர் மரத்தைப் பற்றிக்கொண்டே சுவருக்கு வந்துவிடும்.

இத்தகைய சாதாரணக் கண்ணாடியைக் கதவிலோ, குழந்தைகள் ஓடி மோதும் தாழ்ந்த இடத்திலோ வைக்கலாகாது. ஆயாம்மா வீட்டுச் சன்னல் எங்கள் மார்பளவு உயரத்தில் இருக்கிறது. ஐப்பசி மழை இரண்டு வாரம் அடித்தும் உள்ளே சுவர் நனையவில்லை. தகரத்தை அவர் கோழிக்கூட்டுக்குப் போட்டுவிட்டார்.