கம்ப்யூட்டருக்கும் காய்ச்சல் வரும்!

இரவு மணி 10. மே மாதத்துப் புழுக்கம். ஜன்னல் திறந்திருந்தும் காற்று இல்லை.

சென்னையில் ஒரு சின்ன வீடு. கல்லூரியில் படிக்கும் பெண் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். மறுநாள் காலையில் 60 பக்கக் கட்டுரையைக் கல்லூரியில் கொடுத்தாக வேண்டும். இன்னும் நாலே பக்கம் பாக்கி.

திடீரென்று திரை இருண்டது. எந்திரம் அணைந்துவிட்டது!

மறுபடியும் போட்டாள். 10 நிமிடம் ஓடியது. மறுபடியும் அணைந்தது.

"கடையிலே முழுசா ஒண்ணு வாங்கிடலாம்னு அப்பவே சொன்னேனே, கேட்டீங்களா?" என்றாள் தாய்.

அண்ணன் தலை குனிந்தான். அந்தக் கம்ப்யூட்டரைப் பூட்டியவன் அவன்தான். சென்னை ரிச்சி தெருவில் கடை கடையாக ஏறி இறங்கி, ஒவ்வொரு பாகமாக வாங்கி வந்தான். அந்தப் பணம், தந்தை இரவும் பகலும் தையல் எந்திரம் மிதித்துச் சேர்த்த பணம்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "பிராசசர் போயிடுச்சு தம்பி. புதுசு வாங்கினாத்தான் சரிப்படும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

புதிது வாங்குவதா? பணத்துக்கு எங்கே போவது?

கோடைக்காலத்தில் பல வீடுகளில் நடக்கும் கதை இது. ஆனால் உண்மையில் பிராசசர் போய்விட்டதா? அதைச் சொல்வதற்கு இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று, பிராசசரின் சூடு. மற்றொன்று, விசிறியின் வேகம்.

விரல் அகலத்தில் அடுப்பு

கம்ப்யூட்டரின் மூளைதான் பிராசசர். கணக்குப் போடுவது, எழுத்தைக் காட்டுவது, பாட்டைப் பாட வைப்பது எல்லாம் அதன் வேலை.

1971-ம் ஆண்டில் இண்டெல் நிறுவனம் "4004" என்ற பிராசசரை வெளியிட்டது. அதில் இருந்தவை 2,300 டிரான்சிஸ்டர்கள். இன்றைய பிராசசரில் இருப்பவையோ பல நூறு கோடி! அத்தனையும் விரல் அகலச் சில்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. வினாடிக்குப் பல நூறு கோடி தடவை துடிக்கின்றன. சூடு வராமல் என்ன செய்யும்?

வீடுகளில் இருக்கும் சாதாரண பிராசசர்கள் பல, வேலை செய்யும்போது 65 வாட் மின்சாரம் தின்னும். பழைய 60 வாட் குண்டு பல்பு எரியும்போது தொட்டிருக்கிறீர்களா? கை சுட்டுவிடும். அந்தச் சூடு முழுவதும் ஒரு சின்னச் சில்லில் இறங்கினால் எப்படி இருக்கும்?

அதனால்தான் பிராசசரின் தலைமேல் ஓர் உலோகக் கட்டியை வைக்கிறார்கள். அதில் மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். தகடுகள் சூட்டை வாங்கிக்கொள்ளும். மேலே சுழலும் விசிறி, அந்தச் சூட்டைக் காற்றோடு விரட்டிவிடும்.

சில்லுக்கும் உலோகத்துக்கும் நடுவே களிம்பு பூசுவார்கள். கண்ணுக்குத் தெரியாத இடைவெளிகளில் காற்று தங்கினால் சூடு ஏறாது. அந்த இடைவெளியை அடைப்பதுதான் களிம்பின் வேலை.

புகைந்த சில்லு

2001-ம் ஆண்டில் கம்ப்யூட்டர் நிபுணர்கள் சிலர் ஒரு விபரீத சோதனை நடத்தினார்கள். ஓடிக்கொண்டிருந்த பிராசசர்களின் தலையில் இருந்த உலோகக் கட்டியைக் கழற்றினார்கள்.

இண்டெல்லின் "பெண்டியம் 4" தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு உயிர் தப்பியது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் "அத்லான்" கண் இமைக்கும் நேரத்தில் 300 டிகிரியைத் தாண்டிப் புகைந்தது. செத்தும் போனது!

சூடு பெரிய நிறுவனங்களையும் விட்டு வைக்கவில்லை. பெண்டியம் 4-க்கு அடுத்ததாக வரவிருந்த பிராசசர் திட்டத்தை 2004-ம் ஆண்டில் இண்டெல் கைவிட்டது. சூட்டை அடக்குவது பெரும் பாடாகிவிட்டதே காரணம். அதன் பிறகு, ஒரே மூளையை மேலும் மேலும் விரட்டுவதை விட்டுவிட்டு, ஒரே பிராசசருக்குள் இரண்டு மூளை, நான்கு மூளை என்று வைக்கத் தொடங்கினார்கள்.

இன்றைய பிராசசர்கள் எல்லாவற்றிலும் பாதுகாப்பு இருக்கிறது. சூடு எல்லையைத் தொட்டால் முதலில் வேகம் குறையும். அதற்கும் அடங்காவிட்டால் எந்திரம் தானே அணைந்துவிடும். அது சாவு அல்ல, தற்காப்பு!

நான்கு கம்பிகள்

சூட்டை அளப்பது யார்? பிராசசருக்கு உள்ளேயே நுண்ணிய உணர்வான்கள் இருக்கின்றன. சிலிக்கான் டையோடில் சூடு ஒரு டிகிரி ஏறினால் மின் அழுத்தம் சுமார் 2 மில்லிவோல்ட் இறங்கும். அந்த இறக்கத்தை வைத்துச் சூட்டைக் கணக்கிட முடியும்.

விசிறியின் வேகம் எப்படித் தெரிகிறது? விசிறியிலிருந்து வரும் வயரைப் பாருங்கள். பெரும்பாலும் நான்கு கம்பிகள் இருக்கும். இரண்டு கம்பிகள் 12 வோல்ட் மின்சாரத்துக்கு. மூன்றாவது கம்பி செய்தி சொல்லும் கம்பி. விசிறி ஒரு சுற்றுச் சுற்றினால் அதில் இரண்டு துடிப்புகள் வரும். வினாடிக்கு 80 துடிப்பு என்றால் 40 சுற்று. அதாவது நிமிடத்துக்கு 2,400 சுற்று. நாடி பிடித்துப் பார்ப்பது போலத்தான்!

நான்காவது கம்பி கட்டளைக் கம்பி. சூடு ஏறினால், "வேகமாகச் சுற்று" என்ற உத்தரவு அதன் வழியே போகும்.

எங்கே பார்ப்பது?

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் "டெலிட்" அல்லது "எப் 2" பொத்தானை அழுத்தினால் "பயாஸ்" என்ற பக்கம் வரும். சூடும் விசிறி வேகமும் அங்கே தெரியும். வேலை செய்துகொண்டே பார்க்க "எச்.டபிள்யூ. மானிட்டர்" போன்ற புரோகிராம்கள் இருக்கின்றன. லினக்சுக்கு "எல்.எம். சென்சார்ஸ்" உண்டு.

எத்தனை டிகிரி இருக்கலாம்? சும்மா இருக்கும்போது 35 முதல் 50 வரை. கடும் வேலையின்போது 80 வரை போனாலும் பயம் இல்லை. பல பிராசசர்களுக்கு 95 அல்லது 100 டிகிரிதான் எல்லை. ஒரு வினாடியில் 10 டிகிரி ஏறி இறங்குவது சகஜம்.

ஒன்றை மறக்கக்கூடாது. விசிறி அறைக் காற்றைத்தான் வீசுகிறது. அறையில் 36 டிகிரி என்றால் பிராசசர் அதற்குக் கீழே இறங்காது.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்

சூடு அதிகம், விசிறி வேகம் பூஜ்யம்: விசிறி நின்றிருக்கலாம். அல்லது வயர் கழன்றிருக்கலாம்.

சூடு அதிகம், விசிறியும் வேகமாகச் சுற்றுகிறது: விசிறி மேல் குற்றம் இல்லை. தகடுகளில் தூசி அடைத்திருக்கும். அல்லது களிம்பு காய்ந்திருக்கும். அல்லது உலோகக் கட்டி சரியாக உட்கார்ந்திருக்காது.

சூடு குறைவு, விசிறி மெதுவாகச் சுற்றுகிறது: நல்ல சுகம்!

பெட்டியைத் திறக்குமுன் மின்சாரத்தை நிறுத்தி, வயரைப் பிடுங்கிவிட வேண்டும். ஈரத்துணி கூடாது. தூசியை ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கண்டபடி சுழன்றால் விசிறி கெட்டுவிடும்.

விடிவதற்குள்...

அந்த வீட்டில் என்ன ஆயிற்று?

"ஒரு வாரமாவே ரொம்ப மெதுவாத்தான் ஓடிச்சு அண்ணா" என்றாள் தங்கை.

அண்ணனுக்குப் பொறி தட்டியது. பயாஸ் பக்கத்தைத் திறந்தான். விசிறி 2,600 சுற்று. சூடு 96 டிகிரி!

விசிறி ஓடுகிறது. ஆனால் சூடு தகட்டுக்குப் போகவில்லை!

வயரைப் பிடுங்கினான். பெட்டியைத் திறந்தான். உலோகக் கட்டியைப் பிடித்திருந்த நான்கு முளைகளில் ஒன்று கழன்று நின்றது. ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது.

பழைய களிம்பைத் துடைத்தான். எந்திரம் பூட்டியபோது மிச்சம் வைத்திருந்த களிம்பைப் பூசினான். நான்கு முளைகளையும் "டக், டக்" என்று அழுத்தினான்.

மறுபடியும் போட்டார்கள். சூடு 45 டிகிரி. வீட்டில் எல்லோரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அது ஏறவில்லை.

இரவு 2 மணிக்குக் கட்டுரை முடிந்தது. பிராசசர் போகவில்லை. புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. செலவு ஒரு காசு இல்லை.

தாய் மகனிடம் ஒரு டம்ளர் மோரை நீட்டினாள். "குடிப்பா. உனக்கும் சூடு தணியட்டும்" என்றாள்.