உங்களுக்குத் தெரியுமா? ஹெட்லைட்டும் மூச்சு விடும்!

போளூரில் வெயில் தாழக் கிளம்பி ஜவ்வாது மலை ஏறும் கார்களில், ஜமுனாமரத்தூர் போய்ச் சேர்வதற்குள் ஹெட்லைட் உள்பக்கம் வியர்த்திருப்பதைப் பார்க்கலாம். சீல் போய்விட்டது என்று பதற வேண்டாம். ஈரம் நிறைந்த காற்று 30 டிகிரியில் கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரிக்கு இறங்கினால் 17 கிராம்தான் தாங்கும். மிச்சம் எங்கே போகும்? குளிர்ந்த கண்ணாடியில்தான் துளியாகப் படியும்.

அதே மலைத்தொடரில், 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். 1986 முதல் அங்கே இயங்கிவரும் 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கும் ஈரக்காற்று பகைதான். ஈரப்பதம் மிகுந்த இரவுகளில் வானோக்குக் கூடங்களின் கூரையைத் திறப்பதில்லை.

ஹெட்லைட் ‘கண்ணாடி’ இப்போது கண்ணாடியே அல்ல, பாலிகார்பனேட். பெட்ரோல், தின்னர் தொட்டுத் துடைத்தால் மயிரிழை வெடிப்பு விழும். அழுக்குப் போக சோப்புத் தண்ணீரே போதும்.

விளக்கைக் காற்றுப் புகாமல் அடைப்பதில்லை; வேண்டுமென்றே வழி விட்டுத்தான் செய்கிறார்கள். உள்ளே இருக்கும் காற்று 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் பத்தில் ஒரு பங்கு விரியும், அணைத்ததும் சுருங்கும். அதற்காகப் பின்பக்கம் வளைந்த சிறு ரப்பர் குழாய் இருக்கும், அல்லது பொட்டு அளவுக்கு ஒரு வெள்ளைச் சவ்வு இருக்கும். நீராவியை விட்டு, தண்ணீரைத் தடுக்கும் இந்தச் சவ்வு, 1969-இல் அமெரிக்கரான பாப் கோர் கண்டறிந்த பொருளால் ஆனது. நல்ல மழைக்கோட்டுகளிலும் அதுதான். குழாயில் குளவி மண் அப்பினாலோ, தூசி அடைத்தாலோ போச்சு. வெளியே போக வழியில்லாத காற்று சீலின் பலவீனமான இடத்தைத் தேடும். ‘தண்ணி வருது’ என்று பின்பக்கத்தை மொத்தமாகச் சிலிக்கான் பூசி அடைப்பது, நோயை உள்ளே பூட்டிவைக்கிற வைத்தியம்.

மலையிறங்கி வந்த சூட்டோடு நேராக வாட்டர் சர்வீஸுக்கு விடுகிறீர்களா? சூடான விளக்கில் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் உள்காற்று சட்டென்று சுருங்கி, விரிசல் வழியே வெளித் தண்ணீரை இழுக்கும். கால் மணி நேரம் ஆறவிட்டுக் கழுவச் சொல்லுங்கள்.

மெல்லிய பனிப்படலம் விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் கலைந்தால் கவலையில்லை. சொட்டு சொட்டாக வழிந்தால், அடியில் தண்ணீர் தேங்கினால், அதுதான் கசிவு.

கசிவு எங்கே என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முதலில் பின்மூடியைப் பாருங்கள். பல்பு மாற்றியவர் ரப்பர் மூடியைச் சரியாக உட்காரவைக்காமல் விட்டிருப்பார். பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். மூடி சரியென்றால் விளக்கைக் கழற்றி, விளிம்பெல்லாம் சோப்பு நுரை தடவி, ஒரு குழாயை மட்டும் விட்டு மற்ற துளைகளை விரலால் பொத்திக்கொண்டு வாயால் மெல்ல ஊதுங்கள். நுரை குமிழ்விடும் இடம்தான் ஓட்டை. பல்பைக் கழற்றிவிட்டு, விளக்கை வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே ஒட்ட வேண்டும். ஈரத்தின் மேல் ஒட்டினால் ஈரம் உள்ளேயே தங்கும். கறுப்பாக, இழுத்தால் நீளும் பசை பியூட்டைல் ரப்பர். ஹேர் டிரையர் சூட்டில் இளகும், அழுத்தினால் மறுபடி பிடிக்கும், போதாத இடத்தில் பியூட்டைல் டேப் வைக்கலாம். சூட்டுக்கு இளகாத கெட்டிப் பசையாக இருந்தால் நெம்பாதீர்கள், பிளாஸ்டிக் உடையும்.

ஒட்டும்போது வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். அது காயும்போது வெளிவிடும் அசெட்டிக் அமிலம், ரிஃப்ளெக்டரின் மேல் மெல்லிய அலுமினியப் பூச்சை அரிக்கும். ரிஃப்ளெக்டர் கறுத்தால் எந்தப் பல்பு போட்டும் பயனில்லை.

ஹாலஜன் பல்பு தன் சூட்டால் ஈரத்தை ஓரளவு உலர்த்திக்கொள்ளும். எல்.இ.டி. சூட்டைப் பின்பக்கம் தள்ளிவிடுவதால் முன் கண்ணாடி குளிர்ந்தே இருக்கும். ஆகவே புதிய கார்களில்தான் வியர்வை அதிகம் தெரிகிறது. சர்க்யூட் போர்டு உள்ள விளக்கில் தண்ணீர் தேங்கினால் வீட்டில் திறக்காமல் சர்வீஸ் சென்டரில் காட்டுவது நல்லது.

1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, முன்விளக்கின் வெளிச்சம் 155 மீட்டர் தூரத்துக்குத் தெரிய வேண்டும். உள்ளே நீர் படிந்தால் ஒளி சிதறி, சாலையில் விழ வேண்டியது எதிரே வருபவர் கண்ணில் விழுகிறது. தெருவிளக்கில்லாத மலைவளைவில் அது ஆபத்து.

ஐப்பசி மழை தொடங்குமுன் பின்மூடியையும் காற்றுக்குழாயையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பத்து நிமிட வேலைதான்.