பெட்டியா, உதிரியா?

லூமுட் படகுத்துறையில் நின்று, பங்கோருக்குப் போகும் சாமான்களைக் கவனித்திருக்கிறீர்களா? சில பெட்டியில் கட்டப்பட்டு ஒரே தூக்கில் ஏறும். சில உதிரியாக, கைமாறிக் கைமாறி ஏறும். உதிரியாகப் போவது வசதிதான். வேண்டியதை உடனே எடுக்கலாம். ஆனால் எல்லாம் ஏறிவிட்டதா என்று யார் சொல்வது?

தீபாவளி விடுமுறையில் அங்கே என் சித்தி மகனோடு தே தாரேக் குடித்துக்கொண்டிருந்தேன். கோலாலம்பூரில் ஜாவா நிரல் எழுதுகிறவன். அலுவலகத்திலிருந்து அழைப்பு: முன்பதிவுத் தளத்தில் ஒரு வரி அறிவிப்பை மாற்ற வேண்டுமாம். மடிக்கணினியைத் திறந்தான், கைப்பேசி இணையத்தில் கோப்புகளை அனுப்பினான். பாதி போகையிலேயே தளம் படுத்துவிட்டது. ஊருக்குப் போகிறவர்கள் டிக்கெட் எடுக்கும் நேரம் பாருங்கள்!

"ஒரு வரிதானே தம்பி?" என்றேன்.

"வரி சரிதான் அண்ணே. அனுப்பின விதம்தான் தப்பு."

ஜாவாவில் எழுதிய இணையச் செயலியை வழக்கமாக 'வார்' என்ற ஒற்றைக் கோப்பாகக் கட்டிச் சர்வருக்கு அனுப்புவார்கள். பெயரைக் கேட்டுப் போர் என்று நினைக்காதீர்கள். அது நாம் எல்லாரும் அறிந்த ஜிப் கோப்பேதான். அதைக் கட்டாமல், விரித்த கோப்புறையாகவும் வைக்கலாம். அப்போது ஒரு பக்கத்தை மாற்ற முழுவதையும் மறுபடி கட்ட வேண்டாம், அந்தக் கோப்பை மட்டும் மாற்றினால் போதும். நிரல் எழுதும் மேசையில் இது பெரிய வரம்.

சிக்கல் எங்கே? ஜிப் கோப்பின் உள்ளடக்கப் பட்டியல் அதன் கடைசியில் இருக்கிறது. வால் வரவில்லை என்றால் கோப்பு முழுதாக வரவில்லை என்று சர்வர் கண்டுகொள்ளும். கோப்புறைக்கு வால் கிடையாது. நூறு கோப்பில் ஐம்பது வந்திருந்தாலும் அதுவும் ஒரு கோப்புறைதான்.

ஜேபாஸ் என்று முன்பு அழைக்கப்பட்டு, 2014 முதல் வைல்ட்ஃபிளை என்ற பெயரில் வெளிவரும் சர்வர் இதற்கு எளிய வழி வைத்திருக்கிறது. விரித்த கோப்புறையைத் தானாகத் தொடாது. எல்லாக் கோப்புகளும் போய்ச் சேர்ந்தபின், செயலியின் பெயரோடு 'டூடிப்ளாய்' என்ற பின்னொட்டு சேர்த்து ஒரு வெற்றுக் கோப்பை நாம் வைக்க வேண்டும். உள்ளே ஓர் எழுத்தும் வேண்டாம். படகுக்காரருக்கு "ஏத்தியாச்சு, கிளம்பலாம்" என்று கை காட்டுவது போலத்தான். செயலி ஓடத் தொடங்கினால் அந்தக் கோப்பு 'டிப்ளாய்ட்' என்றும், கவிழ்ந்தால் 'ஃபெயில்டு' என்றும் பெயர் மாறும்.

கை காட்டக் காத்திராமல் தானே கிளம்பும்படியும் இதை அமைக்கலாம். ஆனால் நிரலரின் சொந்தக் கணினிக்கு மட்டுமே அது சரிப்படும் என்று அதைச் செய்தவர்களே எச்சரிக்கிறார்கள். தம்பியின் அலுவலகத்தில் யாரோ சோதனைச் சர்வரின் அமைப்பை அப்படியே மக்கள் பார்க்கும் சர்வருக்கும் நகலெடுத்திருக்கிறார்கள். அவன் கோப்பு அனுப்ப அனுப்ப, மாற்றம் வந்துவிட்டது என்று நினைத்து அது அரைகுறையாகவே மறுபடி மறுபடி கிளம்பியிருக்கிறது.

எனக்கு இன்னொரு குறையும் தோன்றியது. விரித்துப் போட்ட இடத்தில் ஆளாளுக்கு ஒரு கோப்பைத் திருத்தினால், இப்போது ஓடுவது எந்தப் பதிப்பு என்று யாருக்குத் தெரியும்? அவன் பதில் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினான்.

அந்த அமைப்பை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே வார் கோப்பாகக் கட்டி அனுப்பினான். 'டிப்ளாய்ட்' என்று வந்தது. தளம் எழுந்தது. தே தாரேக் ஆறிப்போயிருந்ததால் இன்னொன்று சொன்னோம், அவன் காசில்.