சுவைத்தருந்தும் விஸ்கியும் டெக்கீலாவும்

சுவைத்தருந்தும் மது என்பது சோடா, குளிர்பானம் முதலியவற்றைக் கலக்காமல், மணமும் சுவையும் அறியும் பொருட்டுச் சிறு மிடறுகளாக அருந்தத்தக்க வடிமது ஆகும். விஸ்கி, டெக்கீலா ஆகிய இரண்டும் இவ்வகையில் உலகெங்கும் அறியப்பட்டவை. இவற்றைத் தெரிவு செய்வோர் கேட்க வேண்டிய முதற்கேள்வி, மது எதிலிருந்து வடிக்கப்பட்டது என்பதே. புட்டியின் விலையும் அழகும் இதற்கு விடை தருவதில்லை.

கரும்பிலிருந்து விஸ்கி

கடலூரிலிருந்து பண்ருட்டி செல்லும் சாலையில் உள்ள நெல்லிக்குப்பத்தில் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை இயங்கி வருகிறது. தாமஸ் பாரி என்பவர் 1788 இல் சென்னையில் தொடங்கிய வணிகமே இந்நிறுவனத்தின் மூலம். இன்றைய இ.ஐ.டி. பாரி என்னும் பெயரின் முதல் மூன்று எழுத்துகள் 'ஈஸ்ட் இந்தியா டிஸ்டிலரீஸ்' என்பதன் சுருக்கம் ஆகும். சர்க்கரைக்கும் சாராயத்துக்கும் உள்ள உறவு அப்பெயரிலேயே அடங்கியுள்ளது. தெற்கே சிதம்பரத்தை அடுத்த சேத்தியாத்தோப்பிலும் எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை உள்ளது.

கரும்புச் சாற்றிலிருந்து சர்க்கரைப் படிகங்களைப் பிரித்த பின் எஞ்சும் கருநிறப் பாகு மொலாசஸ் எனப்படும். இதில் ஏறத்தாழப் பாதி சர்க்கரையே. இதனை நீர்க்கச் செய்து ஈஸ்ட் சேர்த்து நொதிக்க வைத்துக் காய்ச்சி வடித்தால், ஒரு டன் பாகிலிருந்து சுமார் 220 முதல் 250 லிட்டர் எரிசாராயம் கிடைக்கும். உயர்ந்த அடுக்குக் கலன்களில் வடிக்கும்போது சாராயத்தின் செறிவு 96 விழுக்காட்டை நெருங்குகிறது. அந்நிலையில் மூலப்பொருளின் மணம் பெரும்பாலும் நீங்கிவிடும். இந்தியாவில் குறைந்த விலையில் விற்கப்படும் விஸ்கிகள் பலவும் இத்தகைய சாராயத்துடன் சிறிதளவு மால்ட் மது, நிறம், மணமூட்டி ஆகியவற்றைச் சேர்த்து உருவாக்கப்படுபவை.

ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி விஸ்கி தானியத்திலிருந்தே வடிக்கப்பட வேண்டும். 700 லிட்டருக்கு மேற்படாத மரப்பீப்பாயில் குறைந்தது மூன்று ஆண்டுகள் இருக்க வேண்டும். எனவே மேற்கூறிய இந்திய வகைகளை அங்கு விஸ்கி என்ற பெயரில் விற்க இயலாது. கரும்பில் பிறந்த இவற்றுக்கு ரம்மே நெருங்கிய உறவு. சோடாவுக்கும் பனிக்கட்டிக்கும் இவை போதும். தனியே சுவைக்கும்போதுதான் வெறுமை தெரியும்.

மால்ட் விஸ்கி

முளைகட்டிய வாற்கோதுமையை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில், செம்புக் கொப்பரையில் வடிக்கப்படுவது சிங்கிள் மால்ட் எனப்படும். செம்பு வெறும் பாத்திரம் அன்று. ஆவியில் உள்ள விரும்பத்தகாத கந்தகச் சேர்மங்களை அது பிடித்துக்கொள்கிறது. பின்னர் ஓக் மரப்பீப்பாயிலிருந்து வனிலா போன்ற மணங்களும் பொன்னிறமும் மதுவில் இறங்குகின்றன.

பெங்களூரில் 1948 இல் நிறுவப்பட்ட அம்ருத் வடிசாலை, தனது சிங்கிள் மால்ட்டை 2004 இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் அறிமுகப்படுத்தியது. பீப்பாயிலிருந்து ஆவியாகிப் போகும் பகுதியைத் 'தேவதைகளின் பங்கு' என்பர். ஸ்காட்லாந்தில் இது ஆண்டுக்கு ஏறத்தாழ 2 விழுக்காடு. பெங்களூரில் 10 விழுக்காட்டுக்கும் மேல். நம் தேவதைகளுக்குத் தாகம் அதிகம் போலும். வெப்பத்தால் மரத்தின் சாரமும் விரைவாக இறங்குவதால், நம் நாட்டில் நான்கைந்து ஆண்டுகளிலேயே மது முதிர்ந்துவிடுகிறது. ஆகவே புட்டியில் உள்ள வயதை மட்டும் கொண்டு இரு நாட்டு விஸ்கிகளை ஒப்பிடுவது பிழை.

டெக்கீலா

டெக்கீலா மெக்சிகோவின் குறிப்பிட்ட சில மாநிலங்களில் நீலக் கற்றாழையிலிருந்து வடிக்கப்படுவது. தமிழகத்தில் வேலியோரம் காணப்படும் ஆனைக்கற்றாழை இதன் உறவுத் தாவரம். செடி முதிர ஆறு ஆண்டுகள் அல்லது அதற்கு மேலும் ஆகும். இலைகளை வெட்டி நீக்கிய பின் எஞ்சும் பெரிய தண்டுப் பகுதியை வேக வைத்து, சாறு பிழிந்து நொதிக்க வைக்கின்றனர்.

இங்கும் கரும்பு நுழைகிறது. சட்டப்படி நொதிக்கும் சர்க்கரையில் 51 விழுக்காடு கற்றாழையினுடையதாக இருந்தால் போதும். மீதிக்குப் பெரும்பாலும் கரும்புச் சர்க்கரையே சேர்க்கப்படுகிறது. சுவைத்தருந்த வேண்டுவோர் சீட்டில் '100 விழுக்காடு அகாவே' என்று இருக்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். பிளாங்கோ பெரும்பாலும் பீப்பாய் காணாதது. ரெப்போசாடோ குறைந்தது இரண்டு மாதமும், அன்யெகோ குறைந்தது ஓராண்டும் பீப்பாயில் இருந்தவை. கற்றாழையின் இயல்பான மணம் வேண்டுமெனில் பிளாங்கோவே சிறந்தது. உப்பும் எலுமிச்சையும் தொட்டு ஒரே மடக்கில் விழுங்கும் வழக்கம் சுவையை அறிய உதவாது.

வலிமை

இந்தியப் புட்டிகளில் 42.8 விழுக்காடு என்ற விந்தையான எண் காணப்படுவதுண்டு. பழைய பிரித்தானிய அளவீட்டில் 100 பாகை என்பது 57.1 விழுக்காடு எத்தனால். அதில் 75 பாகையே 42.8. அளவீடு போய்விட்டது, எண் மட்டும் நிலைத்துவிட்டது.

அருந்தும் முறை

வாய் குறுகிய, துலிப் மலர் வடிவக் குவளை மணத்தைத் திரட்டித் தரும். சில துளி நீர் சேர்ப்பது விஸ்கியின் மணத்தைக் கூட்டும். புகைமணம் தரும் குவயக்கால் என்னும் சேர்மம் நீர்த்த விஸ்கியில் மேற்பரப்புக்கு வரும் என 2017 இல் சுவீடன் ஆய்வாளர்கள் கணினி உருவகத்தின் வழி காட்டினர். பனிக்கட்டி மணத்தை மட்டுப்படுத்தும். எனினும் கடலூரின் கோடையில் அறை வெப்பத்திலேயே எரிசாராய நெடி மூக்கைத் தாக்கும் என்பதால், புட்டியைச் சற்றே குளிர்வித்து ஊற்றுவதில் தவறில்லை.

நச்சும் சட்டமும்

மெத்தனாலை மணத்தாலோ சுவையாலோ எத்தனாலிலிருந்து உறுதியாகப் பிரித்தறிய இயலாது. சுவை அறிந்தவர் தப்பிவிடுவார் என்பது தவறான நம்பிக்கை. கடலூரை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காடு மாவட்டப் பகுதிகளான மரக்காணத்தில் 2023 மே மாதத்திலும், கள்ளக்குறிச்சியில் 2024 சூன் மாதத்திலும் மெத்தனால் கலந்த சாராயத்தால் பலர் இறந்தனர்; கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல். வடித்தலில் நேர்ந்த பிழையன்று, தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலைச் சாராயமாக விற்றதே இத்தகைய சாவுகளுக்குக் காரணம்.

தமிழ்நாட்டில் மது வாங்கும் குறைந்த வயது 21. சில்லறை விற்பனையை 2003 முதல் அரசின் டாஸ்மாக் நிறுவனமே நடத்துகிறது. கடலூருக்கு வடக்கே சில கிலோமீட்டரில் தொடங்கும் புதுச்சேரியில் குறைந்த வயது 18. வரி வேறாதலால் விலையும் குறைவு. அங்கு வாங்கிய புட்டிகளை உரிய அனுமதியின்றி எல்லை தாண்டிக் கொண்டுவருவது, 1937 ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றமாகும்.